வீட்டுக்கு ஒரு ஃபோன்: பிரவுசர் உருவாக்குபவர்களுக்குப் பாலக்கோட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பிரவுசர் உருவாக்கும் நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

என் சித்தப்பா மகளுக்குக் கரு கலைந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் வீட்டு ஃபோனில் தொட்டில் விளம்பரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் 13 வருடமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின். வருமானச் சான்று, சாதிச் சான்று, சிட்டா, கல்லூரி விண்ணப்பம், ஹால் டிக்கெட் என்று தினமும் ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் வெளியே வராமலே, அதாவது லாக் அவுட் செய்யாமலே, எழுந்து போய்விடுவார்கள். அதனால் கடை சாத்தும் முன் நாலு கம்ப்யூட்டரிலும் ஹிஸ்டரியையும், தளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் சிறு அடையாளக் குறிப்பான குக்கீயையும் அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருவர் தேடியது அடுத்து உட்காருபவர் கண்ணில் படக் கூடாது என்று எனக்கே தோன்றியது. இந்த ஒரு காரியத்தை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவள் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் கணவர் ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அவர் ஃபோன் அவரோடு போய்விடும். மாமனாரிடம் பட்டன் ஃபோன். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு டச் ஃபோன். அதில்தான் மாமியார் ராசிபலன் பார்ப்பார், மகள் பாட்டுக் கேட்பாள், இவள் சமையல் குறிப்பு பார்ப்பாள். நாள் தள்ளிப்போனதும் ஒரு மத்தியானம் அந்த ஃபோனில் நாலைந்து பக்கங்கள் படித்தாள். எந்த வாரத்தில் என்ன இருக்கும், லேசாக ரத்தம் பட்டால் பயப்பட வேண்டுமா, இப்படி. படித்து முடித்ததும் ஹிஸ்டரியை அழித்தாள். மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முன்பு ஒரு முறை கரு தங்காமல் போயிருந்ததால் அவள் இன்னும் கவனமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் மாமியார் ராசிபலன் பார்க்கும்போது நடுவில் கர்ப்பிணிகளுக்கான சத்து மாவு விளம்பரம் வந்தது. அப்புறம் தொட்டில். அப்புறம் மறுபடியும் சத்து மாவு. அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்தான், ஆனால் படம் போதுமே. "யாரும்மா இதைப் பார்த்தது?" என்று கேட்டார். அவள் முகம் பதில் சொல்லிவிட்டது. இரண்டு நாளில் தெருவுக்கே தெரிந்தது. அவளுக்கு மூத்தது பெண் குழந்தை. அடுத்த வாரமே ஓர் உறவினர் "ஸ்கேன்" பேச்சை எடுத்தார்.

எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பெண் சிசுக் கொலைக்குப் பெயர் போன பகுதியாக எங்களை நாடே பேசிய காலம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் தர்மபுரிக்கும் அது வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994இலேயே வந்தும், அது திருட்டுத்தனமாக நடந்துகொண்டுதான் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில், தான் கர்ப்பமாக இருப்பதை எப்போது, யாரிடம், எந்த வாயால் சொல்வது என்பது ஒரு பெண்ணின் கையில் மிச்சமிருக்கும் சில முடிவுகளில் ஒன்று. அதை ஒரு விளம்பரப் பெட்டி பிடுங்கிக்கொண்டது.

அவளைக் கட்டாயப்படுத்தி யாரும் ஸ்கேனுக்குக் கூட்டிப் போகவில்லை. பத்தாவது வாரத்தில் கரு தானாகவே கலைந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டுத் தேறியிருக்க வேண்டியவள், பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. விளம்பரங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை. மாதம் ஏற ஏற அவையும் வளர்ந்தன. டயபர் வந்தது, குழந்தைப் பவுடர் வந்தது. "இதை எப்படிக்கா நிறுத்துறது?" என்று கேட்டுக்கொண்டு ஃபோனோடு என் கடைக்கு வந்தாள்.

அன்று இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தோம். 13 வருடம் இதே வேலையில் இருக்கும் எனக்கே செட்டிங்ஸுக்குள் எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று பிடிபடவில்லை. பிரவுசரில் ஒரு இடம், கணக்கில் ஒரு இடம், ஃபோனில் வேறொரு இடம். அவள் முதலில் படித்த பக்கத்துக்குத் திரும்பப் போய்ப் பார்த்தோம். 'ஏற்கிறேன்' என்ற பட்டன் நீல நிறத்தில் பெரிதாக இருந்தது. மறுப்பதற்குப் பட்டனே இல்லை. வேறொரு சிறிய எழுத்தைத் தொட்டால் நிறுவனப் பெயர்களின் பட்டியல் ஒன்று திறந்தது. விரலால் தள்ளத் தள்ள அது முடியவில்லை, எல்லாம் ஆங்கிலத்தில். பேறுகாலத்தைப் பற்றித் தமிழில் எழுதிய பக்கம், அவளை விற்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் சம்மதம் கேட்டது.

விற்பது என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர் தக்காளி மண்டியில் விடியற்காலையில் ஏலம் நடக்கும். கூடையைக் கொண்டுவந்த விவசாயி பக்கத்திலேயே நிற்பார். எந்த வியாபாரி என்ன விலை கேட்டார் என்று அவர் காதால் கேட்பார், கட்டுப்படி ஆகவில்லை என்றால் முகத்தைச் சுளிப்பார், சண்டையும் போடுவார். ஒரு பக்கம் திறக்கும்போது உங்கள் திரையில் நடப்பதும் ஏலம்தான். நொடியின் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும் ஏலம். கூடையில் இருப்பது பக்கத்தைத் திறந்த ஆளின் கவனம். அவர் முன்பு எங்கெல்லாம் போனார் என்று காட்டும் குக்கீ அடையாளத்தை வைத்து விலை ஏறும். ஆனால் கூடைக்குச் சொந்தக்காரருக்கு ஏலம் நடந்ததே தெரியாது.

குக்கீ இதற்காகப் பிறந்தது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற அந்தக் காலப் பிரவுசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் அதை உருவாக்கியபோது, கடைக்கு வந்தவர் கூடையில் என்ன எடுத்து வைத்தார் என்பதை அந்த ஒரு தளம் நினைவில் வைக்க வேண்டும் என்பதே தேவை. அது இன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் என் கடையில் ஒரு விண்ணப்பத்தைக்கூட முடிக்க முடியாது. பிரச்சினை, நாம் போகாத தளங்கள் நம் மேல் ஒட்டும் மூன்றாம் தரப்பு குக்கீயில்தான்.

அதை நிறுத்த முடியும் என்று உங்களில் சிலரே காட்டிவிட்டீர்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கீகளை முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2019 செப்டம்பரிலிருந்து தெரிந்த வேவு குக்கீகளை யாரும் கேட்காமலே தடுக்கிறது. 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடியது. இணையம் ஒன்றும் நின்றுவிடவில்லை. என் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், விண்ணப்பங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கூகுள் நிறுவனமும் 2020 ஜனவரியில் வாக்குக் கொடுத்தது: இரண்டு வருடத்துக்குள் தன் பிரவுசரான குரோமில் மூன்றாம் தரப்பு குக்கீக்கு ஆதரவு இருக்காது. பிறகு 2023 என்றார்கள். பிறகு 2024. பிறகு 2025. 2024 ஜூலையில், நீக்கப்போவதில்லை, பயனரிடமே தேர்வைக் கொடுக்கிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்தத் தேர்வைத் தனியாகக் கேட்கும் திரையும் வராது என்று சொல்லிவிட்டார்கள். குக்கீக்கு மாற்றாக அவர்கள் செய்துவந்த கருவிகளில் பெரும்பாலானவற்றையும் அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டார்கள். குக்கீயை எடுத்தால் சிறிய விளம்பர நிறுவனங்களும் செய்தித் தளங்களும் நசுங்கும், கூகுளின் கை இன்னும் ஓங்கும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் வரை கவலை எழுந்தது உண்மை. அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. ஆனால் ஐந்து வருடம் நடந்த அந்தப் பேச்சில் விளம்பரதாரர் உட்கார்ந்தார், பதிப்பாளர் உட்கார்ந்தார், ஆணையம் உட்கார்ந்தது. டச் ஃபோனைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலிருந்து யார் உட்கார்ந்தார்கள்?

எங்களை நினைத்த சமயம் ஒன்று இருந்தது, சோதனைக்கு. 2021இல் ஃப்ளாக் என்ற முறையை குரோமில் சோதித்தார்கள். ஒரே மாதிரி தளங்களுக்குப் போகிறவர்களைக் கும்பல் கும்பலாகப் பிரித்து, கும்பலின் எண்ணை விளம்பரதாரருக்குக் காட்டும் முறை. சோதனை நடந்த நாடுகளில் இந்தியா இருந்தது. தனியுரிமைச் சட்டம் கடுமையாக இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இல்லை. சோதனைக்குள் வந்தவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கடைக்கு வந்தவர்களில் யாராவது அதில் இருந்தார்களா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

ஃப்ளாக் போய், 2022இல் டாப்பிக்ஸ் என்ற முறையை அறிவித்தார்கள். பிரவுசரே நம் ஆர்வங்களைக் கணித்து வைத்துக்கொள்ளும், ஹிஸ்டரி ஃபோனை விட்டு வெளியே போகாது என்றார்கள். குக்கீயை விட இது மேல் என்று பலர் சொன்னார்கள். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் தனியுரிமை என்றால் தகவல் ஃபோனை விட்டு வெளியே போகாமல் இருப்பது என்று நினைக்கிறீர்கள். பெயர் தெரியாது, எண் மட்டும்தான், கணக்கெல்லாம் ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது என்கிறீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு ஃபோன் இருக்கும் ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன். தங்கச்சியின் பெயர் அந்த விளம்பர நிறுவனத்துக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரிய வேண்டிய அவசியம் என்ன? அந்த வீட்டில் கர்ப்பமாகக் கூடிய பெண் அவள் ஒருத்திதான். படம் திரையில் வந்தால் போதும், பெயரை மாமியாரே போட்டுக்கொள்வார். எங்களுக்கு ஆபத்து வெளிநாட்டுச் சர்வரில் மட்டும் இல்லை, ராசிபலன் பக்கத்தின் நடுவிலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரையும் நாளையும் சொல்ல மாட்டேன். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, முன்பு அம்மாவோடு விண்ணப்பம் போட வந்தவள், ஒரு நாள் தனியாக வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், கை வைக்கவில்லை. "அக்கா, இங்க தேடினா எங்க வீட்டு ஃபோன்ல தெரியுமா?" என்றாள். அவள் தேட நினைத்தது கல்யாண வயதைப் பற்றி. வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீட்டு ஃபோனில் இருக்கும் அதே மின்னஞ்சலில்தான் அவளுடைய விண்ணப்பமும் இருந்தது. "தெரியாது" என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஹிஸ்டரி தங்காத மறைநிலையில் (இன்காக்னிட்டோ) திறக்கலாமா என்று யோசித்தேன். மறைநிலையிலும் தகவல் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020இல் கூகுள் மேல் வழக்குப் போட்டு, 2024இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்தது. கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் 1098 என்று எழுதிக் கொடுத்தேன். குழந்தைகளுக்கான உதவி எண். அவள் அதை மடித்து பவுச்சுக்குள் வைத்துக்கொண்டு போனாள். நாலு கம்ப்யூட்டர் இருக்கும் கடையில் அன்றைக்கு நம்ப முடிந்தது பேனாவும் பேப்பரும்தான்.

விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதற்குப் பின்னால் விளம்பரக் காசு இருக்கிறது. நானும் அட்மிஷன் சமயத்தில் நோட்டீஸ் அடித்து தினசரித் தாளுக்குள் வைத்து அனுப்புகிறவள்தான். பஸ் ஸ்டாண்டு சுவரில் விதைக் கம்பெனி விளம்பரம் இருக்கிறது. பார்க்கிறவர் பார்ப்பார், சுவர் அவர் பின்னால் வீடு வரைக்கும் வராது. தக்காளிக்கு இலைச்சுருட்டு வந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தில் சொட்டுநீர்க் குழாய் விளம்பரம் போடுங்கள். பேறுகாலப் பக்கத்தில் சத்து மாவு விளம்பரமும் போடுங்கள், அந்தப் பக்கத்தோடு அது நிற்கட்டும். பக்கத்தைப் பார்த்து விளம்பரம் போடுவது வேறு, ஆளைத் துரத்திப் போடுவது வேறு. தக்காளி விலை விழுந்த ஒரு வருடம், நகைக் கடன் வட்டியைத் தேடிப் பார்த்த ஒரு விவசாயியின் ஃபோன் முழுக்க உடனடிக் கடன் விளம்பரமாக வந்து, கடைசியில் ஒன்றில் அவர் மாட்டிக்கொண்டார். கடன் கொடுத்தவன் செய்த அட்டூழியத்துக்குப் பிரவுசர் பொறுப்பில்லை. அவர் தத்தளிக்கும் நேரம் இது என்று அவனுக்கு வழி காட்டியது யார்?

இது மனசைப் புண்படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாததும் இல்லை. 2022இல் கூகுளே, கர்ப்பம், குழந்தை வளர்ப்பு தொடர்பான விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி வைத்தது. அந்த வழி இருப்பது தங்கச்சிக்குத் தெரியாது. எனக்குமே இந்த மடலுக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. தேடிப் போய் நிறுத்துகிறவருக்கு மட்டும் நிற்கும் என்றால், தேடத் தெரியாதவருக்கு அது இல்லாத மாதிரிதான். இங்கே ஃபோன் கடையில் எப்படி வைத்துக் கொடுக்கிறார்களோ அப்படியேதான் கடைசி வரை இருக்கும். ஆகவே, நீங்கள் ஆரம்பத்தில் எதை வைத்துக் கொடுக்கிறீர்களோ அதுதான் எங்கள் சட்டம்.

'என்னைப் பின்தொடராதே' என்று பிரவுசரே தளங்களுக்குச் சொல்லும் ஒரு வசதி இருந்ததும், மைக்ரோசாஃப்ட் 2012இல் அதை ஆரம்பத்திலேயே போட்டுக் கொடுத்தபோது விளம்பரத் துறை அதை மதிக்க மறுத்ததும், மதிப்பார் இல்லாமல் 2025இல் ஃபயர்ஃபாக்ஸே அதை எடுத்துவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். கேட்டுக்கொள்வதால் மட்டும் நடக்காது, தடுத்தால்தான் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல பெயர் எடுத்தவர்களிடமும் ஒரு வார்த்தை: ஃபயர்ஃபாக்ஸ் 2024 ஜூலையில் விளம்பர அளவீட்டுக்கான ஒரு சோதனை வசதியை யாரையும் கேட்காமல் போட்டுவிட்டது. சஃபாரியில் தேடுபொறியாக இருப்பதற்கு கூகுள் ஆப்பிளுக்கு 2022இல் மட்டும் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. உங்களில் யாருடைய அரிசியும் விளம்பரப் பானையில் வேகாமல் இல்லை. அதனால்தான் இந்த மடல் ஒருவருக்கு மட்டும் இல்லை.

சட்டம் வந்தால் உங்களால் முடிகிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். கருவின் பாலினம் கண்டறிவது பற்றிய விளம்பரங்கள் தேடலில் வருவதை எதிர்த்து சாபு மேத்யூ ஜார்ஜ் என்ற சமூக ஆர்வலர் 2008இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2016இல் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு கூகுளும் மைக்ரோசாஃப்டும் யாகூவும் அப்படிப்பட்ட விளம்பரங்களைத் தாமாகவே தடுக்க ஒப்புக்கொண்டன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மத அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வழி தர வேண்டும் என்றும், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் அது சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுதாக நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் கேட்பது இவைதான். இந்தியாவில் நீங்கள் தரும் ஒவ்வொரு பிரவுசரும் மூன்றாம் தரப்பு குக்கீயையும் அதே வேலையைச் செய்யும் வேறு எந்த வேவு முறையையும் ஆரம்பத்திலேயே தடுத்து வைத்திருக்க வேண்டும். வேண்டுகிறவர் தேடிப் போய்த் திறந்துகொள்ளட்டும். இதில் பின்வாங்க இடமில்லை, முதலில் இதைச் செய்யுங்கள்.

ஹிஸ்டரியை அழித்தால், அந்த ஹிஸ்டரியை வைத்துச் சேர்த்த விளம்பரக் கணிப்பும் சேர்ந்து அழிய வேண்டும். ஒருவர் 'அழி' என்று சொல்வதற்கு வேறு பொருளே இல்லை.

பிரவுசரை முதல் முறை திறக்கும்போது 'இந்த ஃபோனை வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?' என்று தமிழில் கேளுங்கள். ஒருவருக்கு மேல் என்றால் ஆளைக் குறிவைக்கும் விளம்பரம் அதில் வரவே கூடாது. ஆமாம், இல்லை என்ற இரண்டு பட்டனும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். கர்ப்பம், நோய், கடன், திருமணம், போலீஸ், குடும்பத் தகராறு பற்றிய பக்கங்களில் ஒருவர் என்ன படித்தார் என்பதை எந்தக் கணிப்பிலும் சேர்க்காதீர்கள். அதை நிறுத்தும் பொறுப்பைப் படிக்கிறவர் தலையில் வைக்காதீர்கள். புதிய விளம்பர முறை எதையும் இங்கே சோதிப்பதாக இருந்தால், ஐரோப்பாவில் என்ன அனுமதி வாங்குவீர்களோ அதே அனுமதியை எங்களிடமும் வாங்கிவிட்டுச் சோதியுங்கள்.

கடைசியாக, அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் கொடுங்கள். கடையில் தேடினால் வீட்டு ஃபோனில் தெரியுமா, தெரியாதா? பதிலைத் தமிழில் எழுதுங்கள், உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுதுங்கள். பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, நாலு கம்ப்யூட்டர் மேலேயும் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு பெண்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.